டோஸ்டருக்கு ஒரு மாங்காய் பூட்டு

ஸ்லவ், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லாயிருக்கேன். எடை கூட ஏறியிருக்கு, நம்பு.

“பன்னு, ரொட்டி, ஹார்லிக்ஸ் எதுவுமே ஆகாதுன்னா, காய்ச்சல் வந்தா என்னடா திம்பே?”ன்னு போன்ல கேட்டியே, இங்க டாக்டர்கிட்ட அதையே கேட்டேன். காய்ச்சலுக்கும் பன்னுக்கும் என்ன சம்பந்தம்னு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ஆனா நீ கேட்டதுல நியாயம் இருக்கு. இந்த நாட்டுல சில ஊர்கள்ல கோதுமை ஆகாத எங்களுக்கான ரொட்டியை டாக்டரே சீட்டுல எழுதித் தர்றாரு, மருந்துக்கடையில போய் வாங்கணும். கொடுமை என்னன்னா, நான் இருக்கிற இதே ஸ்லவ்லதான் 1908லேர்ந்து ஹார்லிக்ஸ் ஃபேக்டரி ஓடுச்சு. இப்ப மூடி, வீடு கட்டி வித்துட்டாங்க. கோதுமையும் முளைகட்டின பார்லியும் சேர்ந்த சரக்கு அது. ஊர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களுக்கு வாங்கிட்டுப் போவோம். எனக்கு அதைக் குடிச்சா ஆஸ்பத்திரி.

பரோட்டா மாவு இழுக்க இழுக்க வருதுல்ல, அந்த இழுவைக்குப் பேருதான் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை மூணுலயும் இருக்கு. அது உள்ள போனா என் உடம்பு குழம்பிப்போய் என் குடலையே அடிக்குது. மருந்து கிடையாது, திங்காம இருக்கிறதுதான் வைத்தியம். அப்பாகிட்ட இதையும் சொல்லு: 1944-45ல ஹாலந்துல பெரிய பஞ்சம், ரொட்டி கிடைக்கிறதே அபூர்வம். ஊரே மெலிஞ்சப்போ இந்த வியாதிக்காரப் புள்ளைங்க மட்டும் தேறுச்சுங்களாம். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துருச்சுங்க. கோதுமை மேல ஏற்கெனவே சந்தேகத்துல இருந்த டிக்கேன்னு ஒரு குழந்தை டாக்டருக்கு அதுல விடை கிடைச்சுச்சு. ரேஷன் காலத்துப் பெருமை பேசறதுக்கு அப்பாவுக்கு இன்னொரு கதை ஆச்சு.

“அரிசி திங்கிற வம்சத்துல இது எப்படி?”ன்னு பெரியப்பா கேட்டாராமே. 2016ல நம்ம நாட்டுல ஒரு ஆய்வு வந்திருக்கு. வடக்க நூத்துல ஒருத்தருக்கு மேல இருக்காம். நம்ம பக்கம் ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான். பெரியப்பா எம்ஜிஆர் ரசிகர். அவர் தம்பி மகன் ஆயிரத்தில் ஒருவன்னு சொல்லு, வேற எதுவும் சொல்ல வேணாம்.

இப்ப டோஸ்டர் விஷயம். எங்க ரொட்டி சும்மா எடுத்தாலே உதிரும், வாட்டாமத் திங்க முடியாது. அதனால டோஸ்டர் வேணும். அடுத்தவன் டோஸ்டர்ல வாட்டக்கூடாது, அவன் ரொட்டித்தூள் ஒட்டிரும். குளூட்டன் இல்லாததுன்னு போட்டு விக்கிற ஒரு கிலோ சாப்பாட்டுல 20 மில்லிகிராம் குளூட்டன் வரைக்கும்தான் சட்டம் விடுது. ஏறக்குறைய ஒரு அரிசி எடை. அதனால தனி டோஸ்டர் வாங்கினேன். கூடக் குடியிருக்கிற பையன் நல்லவன், ஆனா தூக்கக் கலக்கத்துல எது முன்னாடி இருக்கோ அதுல சொருகிருவான். சீட்டு எழுதி ஒட்டினேன். சூட்டுல சுருண்டு விழுந்துருச்சு. சிவப்புக் கயிறு கட்டினேன். கோயில் கயிறுன்னு நினைச்சுத் தொட்டுக் கும்பிட்டுட்டு ரொட்டியைச் சொருகினான். இப்ப டோஸ்டர் என் கட்டிலுக்கடியில தகரப் பொட்டியில இருக்கு. காலையில எந்திரிச்சா நான் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி அது பத்திரமா இருக்கான்னு பாக்குறேன். ஊர்லேர்ந்து யாரும் வந்தா ஒரு மாங்காய் பூட்டு குடுத்துவிடு. திறந்தா மணியடிக்கிற பூட்டு கிடைச்சா இன்னும் நல்லது. 2019ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு, சீமையில ஒரு டோஸ்டருக்குக் காவல் இருக்குன்னா நம்ம ஊருக்குத்தானே பெருமை?

சிரிச்சிருப்ப. சிரிக்க முடியாததும் ஒண்ணு இருக்கு. இங்க ஒரு மதுரைக்கார அக்கா, ஞாயித்துக்கிழமை சாம்பார் வச்சுக் கூப்பிட்டாங்க. தூள் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவை வாங்கிப் படிச்சேன், இருந்துச்சு. வெறுஞ்சோறும் தயிருமாத் தின்னேன். அந்த அக்கா முகம் சுருங்கிப்போச்சு. கை நனைச்சும் நனைக்காத மாதிரி ஆயிருச்சு. இப்பல்லாம் யாரு கூப்பிட்டாலும் வேலை இருக்குன்னு சொல்லிர்றேன். பட்டினி பழகிரும்மா, இது பழகல.

கம்பு அனுப்பு. ஆனா மில்லுல அரைக்காதே. அங்க முந்துன ஆளு கோதுமை அரைச்சிருப்பாங்க, அந்த மாவு இதுல ஏறிரும். முழுசாவே அனுப்பு, நான் மிக்ஸியில அரைச்சுக்கிறேன். இங்க கடையில கம்பு சின்னப் பாக்கெட்ல பளபளன்னு இருக்கு. விலையைச் சொன்னா வேடசந்தூர்ப் பக்கம் காடு வச்சிருக்கிற மாமா லண்டனுக்கே கிளம்பிருவாரு.

தைக்கு வர்றேன். சீரகச் சம்பா பிரியாணி, மாவிளக்கு, பஞ்சாமிர்தம் எல்லாம் ஆகும். பரோட்டாக் கடைப் பக்கம் மட்டும் என்னையக் கூட்டிட்டுப் போகாதீங்க. அத்தை வீட்டுக்கு முன்னாடியே சொல்லி வை. வியாதின்னு சொல்லாதே, ஒரு துண்டு சப்பாத்தி ஒண்ணும் செய்யாதுன்னு ஊட்டியே விட்டுரும். பழனிக்கு வேண்டுதல், கோதுமை தொடமாட்டான்னு சொல்லிரு. அப்பத்தான் யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க. எத்தனை நாளைக்குன்னு அத்தை கேக்கும். கல்யாணம் ஆகுற வரைக்கும்னு சொல்லு, மிச்சத்தை அதுவே பாத்துக்கும்.

உன் மகன்