சின்ன வகுப்பு, பெரிய தேர்வு: கேள்வி – பதில்

? மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வெளியிலிருந்து ஆட்கள் வந்து ‘ஸ்லாஸ்’ என்று ஏதோ தேர்வு வைத்தார்களாம். ராங்க் கார்டு எப்போது வரும்?
(ஒரு தாய், அம்பத்தூர்)

வராது. அது உங்கள் பையனைச் சோதிக்க வைத்த தேர்வே இல்லை. அவனுக்குப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்தது. மாநில அளவிலான அடைவு ஆய்வு என்று பெயர். 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். பிள்ளையிடம் “எத்தனை சரி?” என்று கேட்க வேண்டாம். பள்ளியிடம் “நம் பள்ளிக்கு என்ன வந்தது?” என்று கேளுங்கள்.

? அப்படியானால் ‘பரக்’ என்பது?
(கொரட்டூர் வாசகர்)

அது டெல்லி நடத்துவது. 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுக்க 3, 6, 9 வகுப்புகளில் வைத்தார்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும். 99 வரையுள்ள எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாகவோ, பெரியதிலிருந்து சிறியதாகவோ வரிசைப்படுத்தத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 55 சதவீதம்தான் என்றது முடிவு. கிட்டத்தட்ட பாதி வகுப்புக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பிள்ளைகளை வீட்டில் அடித்து என்ன பயன்?

? தேர்வு வருகிறது என்றதும் தெருவில் எல்லோரும் ட்யூஷன் அனுப்புகிறார்கள். நானும் அனுப்பட்டுமா?
(திருநின்றவூர் வாசகி)

இந்த ஆய்வுத் தேர்வுகளுக்காக என்றால் வேண்டாம். ஐஸ் கட்டியைச் சப்பிவிட்டு ஜுரம் பார்த்தால் தெர்மாமீட்டரும் பொய் சொல்லும்.

? மகள் ‘அரும்பு’ நிலை என்று டீச்சர் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் ‘மலர்’. என் மகள் மக்கா?
(ஒரு தாய், திருமுல்லைவாயில்)

அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடாதீர்கள், அம்மா. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனார்கள். அதைச் சரிக்கட்ட வந்ததுதான் ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று உங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத, படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வர வேண்டும் என்பது குறிக்கோள். ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையிலும் பிள்ளைகள் இருப்பார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பெயர். “மொட்டுக்குப் போக இவளுக்கு இன்னும் எது வர வேண்டும்?” என்று டீச்சரிடம் கேளுங்கள். ‘கொடி’யைக் ‘கோடி’ என்று படிக்கிறாள் என்று பதில் வந்தால், குறில் நெடில் கொம்பைத் தினமும் பத்து நிமிடம் சொல்லித்தாருங்கள். ஆனால் ஆறு மாதம் கழித்தும் அதே அரும்பு என்றால் சும்மா இருக்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

? பையன் கழித்தலில் எப்போதும் தப்பு. 52-லிருந்து 27 போனால் 35 என்கிறான். கவனமே இல்லை.
(ஒரு தந்தை, பட்டாபிராம்)

கவனம் இருக்கிறது, அதனால்தான் ஒரே மாதிரி தப்பு வருகிறது. 2-லிருந்து 7 போகாது என்று பார்த்ததும், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதுகிறான். பிறகு 5-லிருந்து 2 போனால் 3. விடை 35. பெரிய எண்ணிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான். கடன் வாங்குவது பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கையில் கொடுங்கள். “எனக்கு 27 ரூபாய் எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். இரண்டு நோட்டை நீட்டிவிட்டு, ஏழு ரூபாய்க்கு முழிப்பான். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு நோட்டைச் சில்லறை மாற்ற வேண்டும் என்று அவன் வாயால் வரட்டும். மிச்சத்தை அவனே எண்ணி 25 என்பான். அதன் பிறகு தாளில் போடச் சொல்லுங்கள். நல்ல தேர்வு செய்ய வேண்டிய வேலையும் இதுதான்: தப்பு எங்கே பிறக்கிறது என்று காட்டுவது. 35-ஐச் சுழித்துவிட்டுப் பூஜ்யம் போடும் தாளால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

? தனியார் பள்ளியில் ஏதோ டெஸ்ட் வைத்து ‘70 பெர்சன்டைல்’ என்று ரிப்போர்ட் தந்தார்கள். 70 மார்க் போதுமா?
(பூந்தமல்லி வாசகி)

அது மார்க்கே இல்லை. அந்தத் தேர்வு எழுதிய நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 70 பேர் உங்கள் பிள்ளைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். தாள் கடினமாக இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை எழுதியவருக்கும் 70 பெர்சன்டைல் வரலாம். ரிப்போர்ட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், எந்தப் பாடப் பகுதியில் தடுமாறினான் என்று இருக்கும். அப்படி ஒரு பக்கமே இல்லாத டெஸ்டுக்கு அடுத்த வருடம் பணம் கட்டாதீர்கள்.

? ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போடப்போகிறார்களாமே?
(கேந்திரிய வித்யாலயா பெற்றோர், ஆவடி)

உங்கள் பள்ளி மத்திய அரசுடையது, அதனால் உண்டு. 2024 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். 5, 8 வகுப்பில் தேறாவிட்டால் கூடுதலாகப் பாடம் நடத்தி, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. அந்த இரண்டு மாதத்தில் பாடம் உண்மையிலேயே நடக்கிறதா என்று கண்காணியுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டுவரை ஃபெயில் இல்லை. 2019-ல் இங்கும் 5, 8-க்குப் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரி 4 அன்று அரசு திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு. பத்து வயதில் தோற்றவன் என்ற பட்டம் வாங்கும் பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும்.

? சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, அங்கே சின்ன வகுப்பில் தேர்வே இல்லை என்கிறாள். உண்மையா?
(அயப்பாக்கம் வாசகி)

உண்மை. 2019 முதல் தொடக்கநிலை 1, 2-ல் மதிப்பெண் சேரும் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் கவனித்துச் சொல்வதுதான் அங்கே மதிப்பீடு.

? ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என் பேரனுக்கு நுழைவுத் தேர்வு வைக்கலாமா?
(ஒரு தாத்தா, முகப்பேர்)

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரை அபராதம். பெற்றோரை இன்டர்வியூ எடுப்பதும் இதில் அடங்கும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஐயா.

? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. நான் எட்டாவதுதான். பள்ளியில் போய்க் கேள்வி கேட்டால் மதிப்பார்களா?
(ஒரு தந்தை, பாடி)

பிள்ளை அரசுப் பள்ளியில் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். படிப்புத் தகுதி எதுவும் கேட்கவில்லை. தனியார் பள்ளி என்றாலும் பெற்றோர் கூட்டம் உண்டு. மூன்று கேள்வி போதும்: என் பிள்ளைக்கு எது வரவில்லை, அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், வீட்டில் நான் என்ன செய்யட்டும்? அடுத்த கூட்டத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது போய் வாருங்கள்.