எண் வந்தால் போதுமா?

விசை உணரியைக் கணினியோடு இணைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

அலுமினியக் கட்டை ஒன்றின் மேல் தேங்காயை வைக்கிறேன். அதன் எடை கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

கட்டை வளைகிறது. முழு ரகசியமும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவை, கட்டையின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ்கள் உணர்கின்றன. கேஜ் நீண்டால் அதன் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். கம்பியை இழுத்தால் தடை மாறும் என்று பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1856-லேயே சொல்லிவிட்டார். அதை ஒட்டிப் பயன்படுத்தும் கருவியாக்க 1938 வரை ஆனது. அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியாக அதைச் செய்தார்கள்.

கேஜ் ஒட்டிய இந்தக் கட்டைதான் லோடு செல். கடைகளில் கிடைக்கும் 5 கிலோ லோடு செல்லில் முழு எடை ஏறினாலும், ஆயிரம் ஓமுக்கு ஓர் ஓம் அளவில்தான் மாற்றம். அதைத் தவறவிடாமல் பிடிக்க நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் பாலமாகக் கட்டுகிறார்கள். 5 வோல்ட் கொடுத்தால் 5 கிலோவுக்கு 5 மில்லிவோல்ட் வெளியே வரும். அதைப் பெருக்கி எண்ணாக்குவது எச்எக்ஸ்711 சிப். எண்ணை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புவது ஆர்டுயினோ போர்டு.

லோடு செல்லில் நான்கு ஒயர்கள். எந்த நிறம் எங்கே போகும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– பாலிடெக்னிக் மாணவர், கோவை

மல்டிமீட்டரை நம்புங்கள். சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொடுக்க, பச்சையும் வெள்ளையும் சிக்னலுக்கு என்பது பொதுவான வழக்கம். ஆனால் ஒயருக்கு நிறம் போட்டவரும் மனிதர்தானே! இரண்டிரண்டு ஒயராக எடுத்துத் தடையை அளந்து பாருங்கள். ஆறு ஜோடிகளில் இரண்டு மட்டும் ஏறக்குறைய 1000 ஓம் காட்டும். மற்ற நான்கும் 750 அளவில் இருக்கும். அதிகம் காட்டும் இரண்டும்தான் பாலத்தின் எதிரெதிர் முனைகள். ஒரு ஜோடி மின்சாரத்துக்கு, மற்றது சிக்னலுக்கு.

எடை வைக்கும்போது எண் ஏறாமல் இறங்கினால் பயப்பட வேண்டாம். சிக்னல் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். 8388607 என்ற எண் அசையாமல் நின்றால் சிப் தன் உச்சத்தை முட்டி நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஏதோ ஓர் ஒயர் விட்டுப்போயிருக்கும்.

எல்லாம் சரியாக இணைத்தேன். திரையில் கேள்விக்குறியும் கட்டங்களுமாக ஏதோ ஓடுகிறது. சென்சார் போய்விட்டதா?
– வாசகர், விருதுநகர்

சென்சார் நலம். தகவல் போகும் வேகம், அதாவது பாட் ரேட்தான் பொருந்தவில்லை. புரோகிராமில் 9600 என்று எழுதிவிட்டு சீரியல் மானிட்டரில் 115200 வைத்திருப்பீர்கள். இரண்டையும் ஒன்றாக்குங்கள். போர்ட்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் மின்சாரம் போகும், தகவல் போகாது. போர்டில் விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

மேலே எதுவுமே வைக்கவில்லை. 84,200 என்று காட்டுகிறது. இது என்ன எடை?
– ஆசிரியை, தஞ்சாவூர்

எடையே இல்லை. அது வெறும் தொடக்கப் புள்ளி. நான்கு கேஜ்களும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருக்காது. மேலே இருக்கும் தட்டுக்கும் கனம் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இனி வரும் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் கழிக்க வேண்டும். இதைத்தான் டேர் என்கிறோம்.

அடுத்து ஒரு கிலோ எடைக்கல்லை வையுங்கள். 5,04,200 வருகிறது என்று கொள்வோம். வித்தியாசம் 4,20,000. ஆயிரம் கிராமால் வகுத்தால் ஒரு கிராமுக்கு 420. இந்த 420-ஐப் புரோகிராமில் எழுதினால் திரையில் கிராம் வரத் தொடங்கும். வேறொருவர் செய்த கருவியின் எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு லோடு செல்லுக்கும் அது வேறுபடும்.

எச்எக்ஸ்711 சிப் 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சம் படிகளாமே! அப்படியானால் 5 கிலோ செல்லிலேயே கடுகை நிறுக்கலாமா?
– பொறியியல் மாணவர், சேலம்

படிகள் இருக்கின்றன. கால் வைக்க முடியாதபடி கீழ்ப்படிகள் ஆடுகின்றன. மின் இரைச்சல், அறையின் சூடு, மின்விசிறிக் காற்று எல்லாமே அந்தக் கடைசிப் பிட்டுகளில் கலந்து வரும். எதுவும் வைக்காமல் நூறு எண்களைப் பதிவு செய்து, மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளிக்குள் அடங்கும் எதையும் ஒரே அளவீட்டில் உங்கள் கருவியால் நிறுக்க முடியாது. சராசரி எடுத்தால் ஆட்டம் குறையும், ஒழியாது.

ஒரு கிலோ கல்லை வைத்தேன், சரியாக 1000 காட்டியது. சோதனை முடிந்ததுதானே?
– பாலிடெக்னிக் ஆசிரியர், மதுரை

இன்னும் தொடங்கவே இல்லை! அந்தக் கல்லைக் கொண்டுதானே அளவுத்திருத்தம் செய்தீர்கள்? கரும்பலகையில் போட்டுக்காட்டிய கணக்கையே பரீட்சையில் கேட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான். தெரியாத கணக்கைக் கேளுங்கள்.

முதலில் கருவியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு 1, 2, 3, 4, 5 கிலோ என்று ஏற்றிக்கொண்டே எழுதுங்கள். வந்த வழியே ஒவ்வொன்றாக இறக்கியும் எழுதுங்கள். ஏறும்போது 2 கிலோவுக்கு வந்த எண்ணும் இறங்கும்போது 2 கிலோவுக்கு வந்த எண்ணும் சற்றே மாறும். உலோகமும் பசையும் முந்தைய சுமையை உடனே மறப்பதில்லை. புள்ளிகளை வரைபடத்தில் வைத்தால் நேர்கோடு வர வேண்டும்.

அடுத்து, ஒரே கல்லைப் பல முறை எடுத்து எடுத்து வையுங்கள்; ஒரே விடை வருகிறதா? தட்டின் நான்கு மூலைகளிலும் நகர்த்துங்கள், எண் மாறுகிறதா? மாறினால் பொருத்திய விதத்தைப் பாருங்கள். செல்லின் ஒரு முனை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், மறுமுனை தட்டைத் தவிர வேறெதையும் தொடாமல் தொங்க வேண்டும், நடுவில் வெள்ளைப் பசை பூசிய பகுதியில் தட்டு உரசவே கூடாது. இரண்டு முனையிலும் ஒரு வாஷர் வைத்தால் போதும், அந்த இடைவெளி கிடைத்துவிடும். கடைசியாக, கல்லை அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். எண் மெல்ல ஊர்ந்து நகரும். எவ்வளவு ஊர்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

எங்கள் பள்ளியில் நல்ல எடைக்கற்கள் இல்லையே?
– அறிவியல் ஆசிரியை, இராமநாதபுரம்

தண்ணீர் இருக்கிறதே! காலிக் குடுவையை வைத்து டேர் செய்துவிட்டு, அளவு உருளையால் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் அதன் எடை 996 கிராம் அளவில் இருக்கும். இதைவிட நல்ல வழியும் உண்டு. பாட்டில்களில் மணல் நிரப்பி இறுக மூடி, முத்திரையிட்ட மின்னணுத் தராசு உள்ள கடையில் நிறுத்து, எடையை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில்கள் வருடக்கணக்கில் உதவும்.

இது விசை உணரி என்கிறீர்கள். ஆனால் கிலோவிலேயே பேசுகிறீர்கள். நியூட்டன் என்ன ஆனார்?
– இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி

அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். செல் உணர்வது விசையை மட்டுமே. சென்னையில் ஒரு கிலோ கல் கீழ்நோக்கி அழுத்தும் விசை 9.78 நியூட்டன், லண்டனில் 9.81. அங்கே கிராம் கணக்கில் திருத்திய கருவியைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், அதே கல்லுக்கு 997 கிராம் காட்டும். கல்லும் குறையவில்லை, கருவியும் பழுதில்லை. ஆகவே அளவுத்திருத்தத்தைக் கருவி வேலை செய்யப்போகும் ஊரிலேயே செய்யுங்கள்.

சுத்தியல் அடியின் விசையை இதிலேயே அளக்கலாமா?
– பட்டறைத் தொழிலாளர், அம்பத்தூர்

வேண்டாம். எச்எக்ஸ்711 நொடிக்கு 10 அல்லது 80 முறைதான் அளக்கும். அடியோ சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் நழுவிப்போகும். செல்லும் வளைந்து கெடும். மெதுவாக இறக்கி வைக்காமல் தொட்டபடி திடீரென்று கைவிட்ட எடையே ஒரு கணம் இரு மடங்கு சுமையாகிறது. ஓங்கி அடித்தால் கேட்கவே வேண்டாம். அடி, அதிர்வு போன்றவற்றுக்குப் பீசோ வகை உணரி இருக்கிறது. நிலையாக நிற்கும் சுமைக்கு லோடு செல், நொடியில் வந்துபோகும் விசைக்குப் பீசோ.

நானே செய்த தராசில் காய்கறி விற்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

வீட்டில் நிறுத்துப் பார்க்கலாம், விற்கக் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். காசு கொடுப்பவருக்கு உங்கள் புரோகிராமைத் திறந்து பார்க்க வழியில்லை. அவருக்காக வேறொருவர் பார்த்திருக்க வேண்டும்.

கடையில் எடை மெஷின் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு?
– இல்லத்தரசி, கும்பகோணம்

கடை மெஷின் இந்த நொடியின் எடையைச் சொல்லும். கணினியோடு இணைத்த உணரி, ராத்திரி முழுக்க ஒரு பூந்தொட்டி எப்படி ஈரம் இழந்தது என்று கோடு போட்டுக் காட்டும். அதைவிடப் பெரிய லாபம், எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடுவது. சோதனைகள் முடிந்ததும் கருவியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: திருத்திய தேதி, பயன்படுத்திய எடை, கூடக் குறைய எத்தனை கிராம் பிழை வரலாம். அந்தச் சீட்டு இல்லாத கருவியில் ஓடுவது எண் மட்டுமே. சீட்டை ஒட்டிய பிறகுதான் அதை அளவு என்று சொல்லலாம்.