தண்ணீர் இல்லாத வெற்றித்தூண்

கங்கைவரை படை அனுப்பிய ராசேந்திர சோழன், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஓர் ஏரி வெட்டினான். இப்போது பொன்னேரி என்கிற அந்தச் சோழகங்கத்தை நீராலான வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. விவரம் தெரியாத ராசா. தூணை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மறந்துவிடலாம் என்ற சூட்சுமம் அவனுக்கு எட்டவில்லை. நமக்கு எட்டிவிட்டது.

2001 முதல் 2004க்குள் தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள். குளியலறை, கழிப்பறை, துவைக்கிற கல், தொட்டி, மோட்டார். அந்தச் சோழபுரம் இருக்கிற அரியலூர் மாவட்டமே 2001இல் பிறந்து, 2002இல் பெரம்பலூருக்குள் கரைந்து, 2007இல் மறுபடி பிறந்தது. மாவட்டத்தையே கட்டிக் கலைத்தவர்களுக்குக் குளியலறை எம்மாத்திரம்? 2011-12இல் மாநிலம் முழுக்க வளாகங்களைப் பழுதுபார்க்க வேண்டி வந்தது.

ரோமில் காரகல்லா குளியல் மாளிகை 216இல் திறந்தது. 537இல் கோத்துப் படை வந்து கால்வாயை உடைத்த பிறகுதான் நின்றது. நமக்குப் படையெல்லாம் வேண்டாம். மோட்டாரில் காயில் கருகினால் போதும்.

பெரம்பலூர் பக்கம் ஒரு வளாகத்துக்குப் போயிருந்தேன். கதவில் பூட்டு, பூட்டில் துரு. சாவி கிளார்க்கிடமாம், கிளார்க் ஒன்றிய ஆபீசிலாம். தொட்டிக்குள் சீமைக்கருவேலம். துவைக்கிற கல்லில் ஆடு கட்டியிருந்தது. கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது: திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர். வெள்ளைக்காரனாவது 1836இல் அதே ராசேந்திர சோழன் கோயிலின் மதில் கல்லைப் பெயர்த்துக் கீழணை கட்டினான். கல் போனது, தண்ணீர் நின்றது. இங்கே கல்தான் நிற்கிறது.

மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டிவிட்டு ஓர் அக்கா வந்தார். மேலெல்லாம் சுணை.

“எங்கக்கா குளிப்பீங்க?”

“விடியக்காலம் நாலு மணிக்கு, பம்புசெட்டுல. கரண்டு வரணும். கொல்லக்காரரு ஒண்ணும் சொல்லாம இருக்கணும்.”

பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, மகளை வரப்பில் காவல் நிறுத்தி, எவன் செல்போன் வெளிச்சம் அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நாலு சொம்பு ஊற்றிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் குளியல். மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, பூட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சட்டம் போட்டு ஒவ்வொரு கல்வெட்டுக்கும் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

2025இல், ராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே கங்கை நீரோடு கங்கைகொண்ட சோழபுரம் வந்தார். மாநில அரசும் விழா எடுத்தது. காசியிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவர வழி இருக்கிறது. போர்க்குழாயிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் தொட்டிக்கு இருபது வருஷமாக வழி பார்க்கிறார்கள்.

நான் கிளம்பும்போது ஆடு கல்லில் ஏறி நின்று கல்வெட்டை நக்கிக்கொண்டிருந்தது. முன்னிலை வகித்தவர்வரை வந்திருந்தது.