இளவட்டக்கல் ஏற்றமும் தன்னம்பிக்கைத் தோற்றமும்: ஓர் உயரவியல் ஆய்வு

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் வட்டாரத்தில் ஒருவனுக்கு உடம்பில் வலு ஏறியிருக்கிறது என்பதை எப்படி அளப்பது? இக்கேள்வியை இதுவரை யாரும் முறைப்படி எழுப்பவில்லை. விடை ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததே காரணம். எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவருக்கும் புரியாமல் சொல்ல வேண்டியது ஆய்வாளன் கடமை.

இயல் ஒன்று: கல். ஊர்ச் சாவடியில் கிடக்கும் இளவட்டக்கல். உருண்டை, வழவழப்பு, பிடி கிடையாது.

இயல் இரண்டு: அளவை. கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் சுமந்தானாம். கன்று காளையாக, அவனும் வலுத்தானாம். ஜிம்மில் அந்தக் கன்றுக்கு இரண்டரைக் கிலோ பிளேட் என்று பெயர். நம் சாவடிக் கல்லோ வளராது. பாட்டன் தூக்கிய அதே எடையைத்தான் பேரனும் தூக்கியாக வேண்டும். ஆகவே இங்கே முன்னேற்றத்துக்கு அலகு கிலோ அன்று, தூக்குகிறவன் உடம்பு. முழங்கால், மடி, நெஞ்சு, தோள் என நான்கு பருவம். குத்தவைத்துக் கல்லை அணைத்து மடிக்கு ஏற்றும்வரை பலர் வந்துவிடுவார்கள். மடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு முழத்தில்தான் பல பொங்கல்கள் கழிகின்றன. தோளில் ஏற்றிப் பின்னால் எறிந்தவனே இளவட்டம். முன்பு பெண் கேட்டுப் போக அதுவே சான்றிதழ். (காண்க: ‘மடிநிலைத் தேக்கம்’, சாவடித் திண்ணைச் சுவடி, கரையான் விட்டுவைத்த பக்கம்.)

நெல்லைச் சீமை வடலிவிளையில் பொங்கலுக்குப் பல எடைகளில் கல் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள்; பெண்களும் தூக்குகிறார்கள். இது என் கோட்பாட்டுக்கு ஒத்துவராததால் அடிக்குறிப்பில் மறைத்திருக்க வேண்டியது.

இயல் மூன்று: உணவு. கம்பங்கூழ்.

இயல் நான்கு: நம்பிக்கை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் இதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப்போல் ஒருவன் செய்யக் கண்டது, பிறர் சொல், அந்த நேரத்து உடம்பும் மனசும். மூன்றாவதை அவர் போதிய அளவு தோண்டவில்லை. அவருக்குத் திருச்சுழிப் பக்கம் மாமன்மார் வாய்க்கவில்லை.

மாமன் ஏச்சு மூவகைப்படும். மெல்லேச்சு: “மாப்ளே, பாத்துடா, கல்லுக்கு வலிக்கப் போகுது.” இடையேச்சு: “விட்ருடா, ஒங்கப்பனும் இப்படித்தான் முட்டியோட வச்சிட்டுப் போனாரு.” வல்லேச்சில் சொல்லே கிடையாது. மாமன் எழுந்து, துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டு, வீட்டைப் பார்க்க நடப்பார். அந்த முதுகைக் கண்டதும் மடியில் கிடந்த கல் நெஞ்சுக்கு ஏறுகிறது. (காண்க: ‘மாமன் முதுகும் மருமகன் மூச்சும்’, வேப்பமரத்தடி உரைக்கொத்து, மூன்றாம் படலம், அதற்கு எழுந்த மறுப்பு, மறுப்புக்கு மாமன் தரப்பு மறுப்பு, டீக்கடைப் பற்று நோட்டின் பின்னட்டை, பஜ்ஜி எண்ணெய் படாத ஓரம்.)

இந்தத் தன்னம்பிக்கைக்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், சிறுவயதில் மல்யுத்தத்தில் நாட்டமுள்ள திடமான பையன். 1896இல் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷி ஆனார், ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்னார். ‘நான் தூக்கிருவேன்’ என்று கிளம்பியவன் பாதியில் அந்த விசாரணைக்குள் இறங்கினால் கல் காலில் விழும். தோளிலிருந்து எறிந்த பிறகு விசாரிப்பதே பாதுகாப்பு.

இத்துறை முன்னோடிகளைக் குறை சொல்வதற்கில்லை. கல்லைச் சுற்றி நாடா பிடித்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கட்டுரையைக் கருத்தரங்கு விட்டுக் கருத்தரங்கு நகர்த்தினார்கள். கல்லைத்தான் ஒருவரும் நகர்த்தவில்லை. இனி முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஓர் இளவட்டக்கல்லும் வைக்கலாம். புறத்தேர்வாளராக ஒரு மாமனை அமர்த்த வேண்டும். பயணப்படி போதும், துண்டு அவரே கொண்டுவருவார்.