சட்டைக்கும் சிலுவாருக்கும் ஜாதகம் பாக்குறவங்களுக்கு

பிள்ளைங்களா, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாப்பாங்க. அதுலயும் ஏழு எட்டு தேறினாப் போதும், மீதியைப் புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுச் சரி பண்ணிக்கும்னு தாலியைக் கட்ட வெச்சிடுவாங்க. எங்க வீட்டுப் பேத்தி அப்படி விட மாட்டா. சட்டை சிலுவாரோட சேரணும், சிலுவார் சப்பாத்தோட சேரணும், சப்பாத்து கைப்பையோட சேரணும், கைப்பை கைப்பேசி உறையோட சேரணும். இத்தனை பொருத்தமும் கூடி வர்றதுக்குள்ள ஸ்கூடாய் பஸ்ஸு லார்க்கின் போய்ச் சேந்துடும்.

பேரன் வேற ரகம். அவனுக்குப் பொருத்தம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஜேடிடி காற்பந்துச் சட்டை, அரைக்கால் சிலுவார், ஜப்பான் சிலிப்பர். பாசார் மாலாமுக்கும் அதேதான், பெரிய பாட்டி கருமாதிக்கும் அதேதான். ஜேடிடிங்கற ஜொகூர் டாருல் தக்சிம் 2014-லருந்து சூப்பர் லீக் கிண்ணத்தை விட்டுக் குடுக்கல, இவன் அந்தச் சட்டையை விட்டுக் குடுக்கல. கிண்ணத்தையாவது அப்பப்ப தொடைப்பாங்க. கேட்டா, “ஈஸியா இருக்கு தாத்தா”ங்கறான். ஈஸியாத்தான் இருக்கும், தொவைக்கிறது அவன் அம்மாதானே.

ரெண்டு பேரும் என்கிட்ட நியாயம் கேட்டு வந்தாங்க. ஒரு பக்கம் சாஞ்சா இன்னொரு பக்கத்துலருந்து கோப்பி வராது. அதனால ரெண்டும் தப்புன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். உடுத்துன பிறகு எந்த உடுப்பு நெனப்புக்கே வரலியோ அதான் நல்ல உடுப்பு. உனக்கும் வரக் கூடாது, எதிர்ல நிக்கிறவனுக்கும் வரக் கூடாது. பேத்தி உடுத்துனா நாள் முழுக்க அவளுக்கே அந்த நெனப்பு. பேரன் உடுத்துனா பாக்குற சனத்துக்கெல்லாம் அந்த நெனப்பு.

இந்தப் புத்தி எனக்குப் புஸ்தகத்துலருந்து வரல, பால்மரத்தடியிலருந்து வந்துச்சு. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட்டுன்னு ஜொகூர் பூரா நம்ம சனம் தலைமுறை தலைமுறையா மரம் வெட்டிச்சு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு. பேரு குடுத்துட்டு நெரைக்கு ஓடணும். குளிர்ச்சி இருக்கற வரைக்கும்தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறினா மரம் இறுக்கிப் பிடிச்சிக்கும். அந்த இருட்டுல எந்தப் பொம்பள கைலிக்குச் சட்டை சேருதான்னு நின்னு பாத்தா? மேல புருஷனோட பழைய முழுக்கைச் சட்டை, கீழ கைலி, தலையில துண்டு, இடுப்புல புகையற கொசுவத்தி. கை நீளம் கொசுவுக்காக, துண்டு தலைமுடியில பால் ஒட்டாம இருக்கறதுக்காக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, அழகு அந்தக் கணக்குலயே இல்ல. சட்டையில தெறிச்ச பால் காஞ்சு கருத்துப் போச்சுன்னா எந்தச் சவுக்காரத்துக்கும் மசியாது. புதுச் சட்டையானாலும் கொஞ்ச நாள்ல எல்லாரு சட்டையும் ஒரே நெறம். பாத்தியா பேத்தி, தோட்டமே மேட்சிங்!

உண்மையில மேட்சிங் பாத்தவங்க துரையும் கிராணியும்தான். துரைக்குக் காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, தலையில தொப்பி. கிராணி வெள்ளை வெளேர்னு வருவாரு. அது வெயிலுக்காகப் போட்டதும் இல்ல, வேலைக்காகப் போட்டதும் இல்ல. தூரத்துல தலை தெரியும்போதே நாம எந்திரிச்சு நிக்கணுங்கறதுக்காகப் போட்டது.

அதே பொம்பளைங்க மாரியம்மன் திருவிழான்னா தகரப் பெட்டியைத் தெறப்பாங்க. சைக்கிள்ல மூட்டை கட்டி வர்ற ஜவுளிக்காரர்கிட்ட சம்பளத்துக்குச் சம்பளம் தவணை கட்டி வாங்குன சேலை உள்ள இருக்கும். அதுக்கு ரவிக்கை தைக்கும்போது மட்டும் நூலோட நெறம் வரைக்கும் பாப்பாங்க. வேலைக்கு ஒண்ணு, விழாவுக்கு ஒண்ணு. ரெண்டையும் கலக்கல. கலந்து விட்டது நீங்க. பேத்தி திருவிழா நெனப்புல வேலைக்குப் போறா, பேரன் படுக்கை நெனப்புல ஊர்கோலம் போறான்.

சொன்னா நம்பலன்னா, விடியக்காலையில சிங்கப்பூர்ப் பாலத்துப் பக்கம் போயிப் பாருங்க. 1924-ல தெறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அது மேல ஈசல் பொறப்பட்டாப்புல மோட்டார் சைக்கிளு. ஓட்டுறவங்கள்ல பாதிப் பேரு ஜாக்கெட்டை முன்னும் பின்னும் மாத்திப் போட்டிருப்பாங்க. ஜிப்பு முதுகுப் பக்கம் தொறந்து கெடக்கும், முதுகுத் துணி நெஞ்சுல இருக்கும். வெளியூர்க்காரன் பாத்தா, “என்னடா இது, இந்த ஊர்ல எல்லாரும் தூக்கத்துலயே உடுத்திக்கிட்டு வந்துட்டானுங்களா”ன்னு நெனைப்பான். ஆனா கணக்கு சுத்தமானது. எதிர்க்காத்து நெஞ்சுல அடிக்காது, தூறலும் புகையும் உள்சட்டையைத் தொடாது, முதுகு தொறந்திருக்கறதால வேர்வை அடைச்சுக்காது. அக்கரையில போயி எறங்கினதும் ஒரே உருவு, உள்ள இஸ்திரி கலையாத சட்டை. ஒருத்தன் அப்படிப் போட்டா கோமாளி, இத்தனை ஆயிரம் பேர் போட்டா அதுக்குப் பேரு நாகரிகம். அந்த ஜாக்கெட்டுக்குள்ள இருக்கறவனுக்கு வீட்டுக் கடன் நெனப்பு வரும், சோதனைச் சாவடியில வரிசை எவ்வளவு நீளம்னு நெனப்பு வரும், ஜாக்கெட் நெனப்பு மட்டும் வராது.

பள்ளிக்கூடச் சப்பாத்துக் கதையும் இதே கதைதான். நம்ம நாட்டுப் பிள்ளைங்க காலங்காலமா வெள்ளைச் சப்பாத்து போட்டுதுங்க. செம்மண் தோட்டத்துல, மழை கொட்டுற ஊர்ல, வெள்ளைச் சப்பாத்து! லீவு நாள்ல தேய்ச்சுக் கழுவி, சுண்ணாம்பு தடவி, வெயில்ல வெச்சு, மழைக்கு உள்ள எடுத்து, மறுபடி வெளிய வெச்சு, பிள்ளைங்க படிச்சதைவிட சப்பாத்துக்குப் பாடுபட்டதுதான் அதிகம். 2014-ல ஜொகூர்ல வார லீவு வெள்ளி சனிக்கு மாறிச்சு. சுண்ணாம்பு தடவுற நாளு மாறிச்சே தவிர வேலை கொறையல. 2018-ல கல்வி அமைச்சரு மஸ்லீ மாலிக் இனிமே கருப்புச் சப்பாத்துன்னு அறிவிச்சாரு. அவரு அப்ப நம்ம சிம்பாங் ரெங்கம் தொகுதி எம்பி. நாடே சிரிச்சுது. படிப்புல எத்தனையோ சங்கதி இருக்க, இவரு காலைப் பாக்குறாருன்னு ‘கருப்புச் சப்பாத்து அமைச்சர்’னு பேரு வெச்சாங்க. 2021-லருந்து கருப்பே கட்டாயம் ஆச்சு. அமைச்சரு அதுக்கு முன்னாடியே பதவியை விட்டுப் போயிட்டாரு. சிரிச்ச வீடுகள்ல ஒண்ணாவது வெள்ளையே வேணும்னு இன்னைக்கு அழுவுதா? சுண்ணாம்பு டப்பாவோட நெனப்பும் சேந்து போச்சு. வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைச் சப்பாத்து பொருந்தத்தான் செஞ்சுது. சேத்துக்கு அது பொருந்தலியே!

இப்பத் துணிக்கு வருவோம். பேத்தி துணி எடுக்கணும்னா தங்காக் வரைக்கும் போவா. அங்க கடைத்தெருவு பூரா துணிக்கடைதான், நெறத்துக்குக் கேக்கவா வேணும். வாங்கிக்கிட்டு வந்து காட்டுனா, பளபளன்னு மீன் தோலு கணக்கா ஒரு பாலியஸ்டர். நம்ம ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒண்ணரை டிகிரிதான் வடக்க. வெயிலு வேற, காத்துல தண்ணி வேற. நூறு கிராம் பருத்தி சும்மா மாட்டி வெச்சிருந்தாலே காத்துலருந்து எட்டு கிராமுக்கு ஈரத்தை வாங்கி வெச்சுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அப்ப உன் வேர்வை எங்க போவும்? எங்கயும் போவாது, உன்கூடவே ஆபீஸுக்கு வரும். நெறம் பாக்குற நேரத்துல பாதியைத் துணியைக் கசக்கிப் பாக்குறதுக்குச் செலவு பண்ணு தாயி. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க, கலர் பாத்துக் கட்டுன்னு சொல்லல.

உடனே பேரன் துள்ளி வந்தான், “என் ஜேடிடி சட்டையும் பாலியஸ்டர்தான் தாத்தா, அது மட்டும் குளுகுளுன்னு இருக்கே?” இருக்கும்டா. அதைப் பொடிப்பொடிக் கண்ணு விட்டுப் பின்னியிருக்கான், ஓடுறவனுக்குக் காத்து போக. நீ ஓடறியா? மாமாக் கடையில உக்காந்து மத்தவன் ஓடறதைப் பாக்குற.

நெறமும் சேரணும், காத்தும் போகணும்னா வழி கெடையாதான்னு கேட்டீங்கன்னா, நம்ம மாநிலத்துலயே இருக்கு. 1866-ல தஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாருன்னு பேரு மாத்துன காலத்துல, அன்னைக்குத் தெமெங்கோங்கா இருந்து பின்னாடி சுல்தானான அபு பக்கர், சிங்கப்பூர் தெலுக் பெலாங்காவுலருந்து ஆட்சி இங்க வந்ததை ஒட்டி ஒரு உடுப்பைக் கொண்டாந்தாருன்னு சொல்லுவாங்க. அதான் பாஜு கூரோங் தெலுக் பெலாங்கா. காலரு கெடையாது, கழுத்துல ஒரே பித்தான், ஓரத்துல பொடிசாக் கையால போட்ட ‘தூலாங் பெலூட்’ தையல். கையிடுக்குல ‘கெக்கெக்’னு சதுரமா ஒரு துண்டு வெச்சுத் தைப்பாங்க. கையை எந்தப் பக்கம் தூக்குனாலும் துணி இழுக்காது. மேலயும் கீழயும் ஒரே துணியில வெட்டுனா மேட்சிங் பாக்குற வேலையே இல்ல, தையக்காரரே முடிச்சுக் குடுத்துடுவாரு. நம்ம ஊரு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையும் அதே தந்திரந்தான். பேத்தி பீரோ முன்னாடி நின்னு மண்டையை உடைச்சுக்கிற கணக்கை நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஊசி நூலு முடிச்சு வெச்சிருக்கு.

வீட்டுல ஒருத்தி மேட்சிங் பாத்தாலாவது தாங்கிக்கலாம். மலாய்க்காரங்க நோன்புப் பெருநாளுக்கு வீடே ஒரே நெறத்துல ‘செடொண்டொன்’ உடுத்துறதைப் பாத்துட்டு, நம்ம வீடுகள்லயும் தீபாவளிக்குக் குடும்பத்துக்கே ஒரு நெறம்னு ஆயிப் போச்சு. ஒரு வருஷம் எனக்கு ரோஸ் நெறத்துல ஜிப்பா. ஊருல உள்ள பேரப்பிள்ளைங்க எல்லாம் என்னை மிட்டாய்க்காரன்னு நெனச்சுக்கிட்டுக் கையை நீட்டுதுங்க. அந்தக் கூட்டத்தோட ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலுக்குப் போனோம், ராஜகாளியம்மன் கோயிலு. சுவரு, தூணு, கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு. எங்க திரும்பினாலும் நம்ம மூஞ்சிதான். காளியாத்தா எதிர்ல நிக்கிறா, எங்க வீட்டுச் சனம் தூணைப் பாத்துத் துப்பட்டாவைச் சரி பண்ணுது. ஆத்தா கையில சூலம் இருந்தும் பொறுமையா இருந்தா. அங்கருந்து ஜாலான் டோபிக்குப் படம் புடிக்கப் போனாங்க. ஊர்த் துணியை வெளுத்துப் பொழச்ச நம்ம ஆளுங்களால பேரு வந்த தெருவு அது. அன்னைக்குத் துணி வெளுக்கப் போனாங்க, இன்னைக்குத் துணியைக் காட்டப் போறாங்க.

இத்தனையும் கேட்டுட்டுப் பேரனுக்கு ஒரே குஷி. குஷிப்படாதடா, உன் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு. சாலை வரி கட்டுறேன்னு அரைக்கால் சிலுவாரோட அரசாங்க ஆபீஸுக்குப் போனான். வாசல்ல படம் போட்டே ஒட்டியிருக்கான், அரைக்கால் சிலுவார் ஆகாது, சிலிப்பர் ஆகாதுன்னு. காவலாளி திருப்பி அனுப்பிட்டான். வந்து என்கிட்ட நியாயம் பேசுறான், “காந்தியே அரை வேட்டியோட ராஜாவைப் பாத்தாரு!” பாத்தாருடா. 1921 செப்டம்பர்ல மதுரையில, ஏழைக்கு முழுத் துணி கெடைக்காத நாட்டுல எனக்கு எதுக்குன்னு முழு உடுப்பைக் கழட்டுனாரு. 1931-ல லண்டன் அரண்மனைக்கும் அதே உடுப்போட போனாரு. அவரு நாட்டுக்காகக் கழட்டுனது. நீ சோம்பேறித்தனத்துக்காகக் கழட்டுனது. அவரு போனது வட்டமேசை மாநாட்டுக்கு, நீ போனது மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் எடுக்க. அந்தக் காவலாளி சட்டம் சரியா தப்பான்னு நீ எழுதிப் போடு, பேசு, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு முழுச் சிலுவாரு மாட்டிக்கிட்டுப் போயிருந்தா கால் மணி நேரத்துல முடிஞ்ச வேலை, அரை நாள் சம்பளத்தைத் தின்னுடுச்சு. இதுல எங்கடா சௌகரியம்?

துக்க வீட்டுக்கும் அதேதான். உன் உடம்புக்கு எது எளுப்பமோ அதை உன் வீட்டுக்குள்ள போட்டுக்கோ, கேக்க ஆள் இல்ல. அடுத்தவன் அழுவுற வீட்டுல உன் முழங்காலு அவன் கண்ணுல படக் கூடாது. அந்த நேரத்துல அவனுக்கு நெனைக்க வேற சங்கதி இருக்கு.

என் உடுப்பைப் பத்திக் கேப்பீங்க. கைலி, மேல தேர்தலுக்குத் தேர்தல் குடுத்த இனாம் டீ-சட்டை. எல்லாக் கட்சியும் என் அலமாரியில சண்டை இல்லாம இருக்கு. நல்ல பருத்தி குடுத்த கட்சி எதுன்னு மட்டும் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆனா கட்சிக் கூட்டம் நடக்கற அன்னைக்கு அந்தச் சட்டைகளைத் தொட மாட்டேன். வெத்துச் சட்டைதான். சட்டை பேச ஆரம்பிச்சா அப்புறம் நாம பேசறதை எவனும் கேக்க மாட்டான்.

ஆகக் கூடி, பேத்தி, நாளைக்குப் பீரோவைத் தெறந்ததும் சட்டைக்குச் சிலுவாரைத் தேடாத. வெயிலு எப்படி, வேலை என்ன, யாரு முன்னாடி போயி நிக்கப் போறே, அதுக்குப் பொருத்தம் பாரு. நெறம் தன்னால சேந்தா சந்தோஷம், சேரலன்னா யாரும் போலீசுக்குப் போக மாட்டான். பேரா, நீ முதல்ல அந்த ஜேடிடி சட்டையைக் கழட்டி நீயே தொவைச்சுப் போடு. சௌகரியத்தைப் பத்தி மிச்சப் பேச்சை அது காஞ்ச பிறகு பேசுவோம்.