நூலின் பெயர் யாது? ஆசிரியர் யார்?

பெறுநர்: பரீட்சை ஆணையாளர் நாயகம், இலங்கைப் பரீட்சைத் திணைக்களம், பெலவத்தை, பத்தரமுல்லை.

பொருள்: க.பொ.த. சாதாரண தரம், ஆங்கில இலக்கிய நயம் (வேலணையிலிருந்து ஒரு பகிரங்க விளக்கக் குறிப்பு).

ஆங்கில இலக்கிய நயம் என்பது இலங்கை மாணவருக்குப் பத்தாம் வகுப்பில் தொடங்கி, பெறுபேறு வெளியாகும் நாளோடு நின்றுவிடும் ஓர் உணர்வு. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். ஆறு கட்டாயமானவை, மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். நயம் இரண்டாவது தொகுதியில் இருக்கிறது. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியன அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். சங்கீதம் எடுத்த பிள்ளை பாடிக்காட்ட வேண்டும். நடனம் எடுத்த பிள்ளை ஆடிக்காட்ட வேண்டும். நயம் எடுத்த பிள்ளை நயந்துகாட்ட வேண்டியதில்லை, எழுதினால் போதும்.

எழுத வேண்டியது என்ன என்பதை வினாத்தாளின் முதற்பகுதி சொல்லிவிடுகிறது. படித்த கவிதையிலோ கதையிலோ நாடகத்திலோ இருந்து சில வரிகள் வெட்டித் தரப்படும். அதன் கீழே இவை எந்த நூலில் உள்ளவை, எழுதியவர் யார், யார் யாருக்குச் சொன்னது என்ற கேள்விகள் வரும். நூலைத் தெரிவுசெய்தது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். தொகுத்து அச்சிட்டது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். வரியை வெட்டியது பரீட்சைத் திணைக்களம். மூன்று அரச நிறுவனங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு தகவலை வேலணைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நிர்வாக முறைப்படி சரியானதே. காணாமற்போன மாட்டுக்கு உரிமை கோரி வருகிறவரிடம் முதலில் குறியைத்தான் கேட்பார்கள். மாடு பால் கறக்குமா என்று எவரும் கேட்பதில்லை.

இந்த முறைக்கு நல்ல பரம்பரை உண்டு. இந்தியக் குடியியற் சேவைக்குப் போட்டிப் பரீட்சை நடத்துவது பற்றி மெக்காலே தலைமையிலான குழு 1854இல் அறிக்கை கொடுத்தபோது மொத்தப் புள்ளிகள் 6,875. அதில் ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1,500. சமஸ்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. தமிழுக்கு ஒன்றுமில்லை, ஆளப்போகிறவர் தமிழைக் கப்பலால் இறங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றது 1894இல்தான். சொந்த ஊரில் பட்டத்துக்குத் தகுதியில்லை என்று கருதப்பட்ட பாடம், அதற்கு 40 ஆண்டு முன்பே பிறர் ஊரை ஆளத் தகுதியாக இருந்தது.

அப்படிப் பரீட்சை எழுதி வந்தவர்களில் ஒருவர் லெனாட் வுல்ஃப். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்தவர், ஒரு நாயும் வோல்டேயரின் 90 தொகுதிகளும் கொண்டுவந்தார். அந்தத் தொண்ணூறைப் பற்றி எந்தப் பரீட்சையும் அவரைக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, கடைசிவரை அவர் வாசிப்பதை விடவில்லை.

யாழ்ப்பாணத்தார் பரீட்சைக்குப் பின்னடித்தவர்கள் அல்லர். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். ஆங்கிலத்தில் எழுதித் தேறிய தாமோதரம்பிள்ளை பிறகு செய்த காரியம், செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியது. இப்படிப்பட்ட பின்விளைவை எந்தப் புள்ளித்திட்டமும் எதிர்பார்க்க முடியாது. இப்போதைய முறையில் அந்த ஆபத்து பெருமளவு நீங்கிவிட்டது.

இனி வேலணை. பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டினால் வருகிற ஊர். ஒல்லாந்தர் வேலணை இருக்கும் தீவுக்குத் தங்கள் நகரமொன்றின் பெயரால் லெய்டன் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வரைபடத்தில் ஏறியது. ஊரார் வாயில் ஏறவில்லை.

பாடத்தொகுப்பில் டெனிசனின் கழுகுக் கவிதை உண்டு. மொத்தம் ஆறே வரி. கீழே கடல், மேலே மலை விளிம்பில் பறவை, பிறகு ஒரு பாய்ச்சல். வேலணையில் மலை இல்லை, பனைதான் உயரம். ஆனால் சாட்டிக் கடற்கரையில் செம்பருந்து வட்டமிட்டு, திடீரென்று இறங்கி மீனோடு எழும்புவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. டெனிசன் எதைப் பார்த்தார் என்று இங்கிலாந்திலுள்ள பல பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எனவே, அது பரீட்சைக்கு உதவாது. ரியூட்டரியில் வாங்கிய போட்டோக்கொப்பி நோட்ஸில் இந்தக் கவிதைக்கு ஒன்றரைப் பக்கம். கவிதையைவிட விளக்கம் பல மடங்கு நீளம். முதல் வரியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது என்ற இடத்தில் ‘அலிற்றரேஷன்’ என்ற சொல்லுக்குச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அதே பிள்ளை தமிழ்ப் பாடவேளையில் மோனை படித்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை. கேட்கும் வினாவும் இல்லை. ஆறு வரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும், பருந்தை நினைக்க இன்னொரு நிமிடம். நோட்ஸைப் பாடமாக்க இரண்டு மாலைகள்.

பாடத்திட்டம் மோசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். செக்கோவின் கரடி நாடகம், கினோஷித்தாவின் ஜப்பானிய நாடகம், சாகியின் சிறுகதை, ஆழிப்பேரலையில் குடும்பத்தை இழந்த சோனாலி தெரணியகலவின் எழுத்து, லாகூர் தாக்குதல் பற்றிக் குமார் சங்கக்கார லோர்ட்ஸில் 2011இல் ஆற்றிய உரையின் ஒரு பகுதி, சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணின் இனிப்பு வியாபாரி நாவல் என்று தாராளமான மேசை அது. சமையல் நல்லது. சாப்பிட்டவரிடம் ருசியைக் கேட்காமல் சமையற்காரரின் பெயரைக் கேட்பதுதான் வில்லங்கம்.

அதே மேசையில் யாஸ்மின் குணரத்னவின் கவிதையொன்று, தலைப்பிலேயே 1983 என்ற ஆண்டோடு இருக்கிறது. அந்த ஆண்டு யூலை இனக்கலவரத்தைப் பற்றியது. தீவகத்தார் தலைமுறைகளாகத் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். அந்த யூலையில் கடையும் வீடும் எரிந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்களில் வேலணையாரும் உண்டு. ஆகவே இந்தக் கவிதைக்குரிய பின்னணிக் குறிப்பு பல வீடுகளில் திண்ணையில், பாக்கு இடித்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறது. அம்மம்மாவிடம் ஒரு மணிநேரம் இருந்தால் கவிதை முழுதாகத் திறந்துகொள்ளும். ஆனால் அம்மம்மா புள்ளித்திட்டத்தில் இல்லை. புள்ளித்திட்டத்தில் இருப்பவை முரண்நகையும் துடுப்பாட்ட உருவகமும். பிள்ளை அவ்விரண்டையும் எழுதிவிட்டு வருகிறது. வீட்டில் வினாத்தாள் எப்படி என்று கேட்கிற அம்மம்மாவுக்கு, சுகம் என்று பதில் கிடைக்கிறது.

பெயரை மறைத்துக் கேட்பது எங்கிருந்து வந்த வழக்கம் என்று பார்த்தால், அதற்கொரு மரியாதையான உறவினர் கேம்பிரிட்ஜில் இருக்கிறார். அங்கே ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 13 கவிதைகளைத் தலைப்பும் கவிஞர் பெயரும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, வாசித்துத் தோன்றியதை எழுதச் சொன்னார். 1929இல் அதை நூலாக வெளியிட்டார். படித்த பிள்ளைகள் ஜோன் டன்னைக் கீழே தள்ளினார்கள். இன்று எவருக்கும் ஞாபகமில்லாத ஒருவரை மெச்சினார்கள். பெயர் தெரியாவிட்டால் வாசிப்பு எந்த அளவுக்குத் தடுமாறும் என்று அம்பலமானது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த லுடொவைக்கும் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று வந்தவர்தான். ஆக, கருவி முழுதாகவே கப்பலில் வந்து சேர்ந்தது. இறக்கும்போது தலைகீழாகிவிட்டது. ரிச்சர்ட்ஸ் பெயரை மறைத்தார், பிள்ளை கவிதையை வாசிக்கட்டும் என்று. திணைக்களம் பெயரை மறைக்கிறது, பிள்ளை பெயரைச் சொல்லட்டும் என்று.

இந்தப் பாடத்தில் ஏ எடுத்தவர் உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். அதன் பெறுபேறு இசட் புள்ளியாக மாறிப் பல்கலைக்கழக வாசல்வரை கூட்டிச் செல்லும். ஆங்கில இலக்கியம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத தீவுப் பாடசாலைப் பிள்ளைக்கு இரண்டாம் தொகுதியில் சங்கீதமோ சித்திரமோ கிடைக்கும். அந்தப் பிள்ளைக்குச் சாட்டியில் பருந்து தெரிகிறது, டெனிசன் கிடைக்கவில்லை. கிடைத்த பிள்ளைக்கு டெனிசன் பாடம். பருந்தைப் பார்க்க நேரமில்லை.

திணைக்களத்திடம் கேட்கப்படுவது பெரிய சீர்திருத்தமன்று. குழு வேண்டாம், ஆணைக்குழு வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகரும் வேண்டாம். வெட்டித் தரும் வரிகளின் கீழே நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் திணைக்களமே அச்சிட்டுத் தரவேண்டும். ஒரு வரி மைதான் மேலதிகச் செலவு. வினா அதற்குப் பிறகு தொடங்கட்டும்.