பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுல்ல

நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவை நடத்துகிறவர்களைப் போல இளகிய மனசுக்காரர்களை நான் கண்டதில்லை. மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகளுக்கு நுழைவுச் சீட்டில் பாதி தள்ளுபடி. அடையாள அட்டையின் அசலைக் காட்டினால் போதும். நகல் செல்லாது, போனில் இருக்கும் படமும் செல்லாது. கூடப் போகிற எனக்கு முழுக் கட்டணம். நான் ராட்டினம் சுற்றவா போகிறேன், இவளைத் தூக்கி இறக்கத்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சீட்டு கொடுத்த பெண், "பாப்பா எதுலயும் ஏற முடியாது மேடம், பரவாயில்லையா?" என்று சொல்லிவிட்டார். இந்த நேர்மை எந்தக் கடையில் கிடைக்கும்? ஏற விடாத ராட்டினங்களுக்குப் பாதிக் காசுதான் வாங்குகிறார்கள். முழுசாகவே வாங்கியிருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

உள்ளே போகப் போக அக்கறை கூடிக்கொண்டே வந்தது. குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது. பேரனை ஏற்றிவிட்டு, விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க ஒரு பாட்டி பின்னாலேயே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் அதன் வேகம். அதற்கும் பலகை வைத்திருக்கிறார்கள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், மது அருந்தியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஏறக் கூடாது. ஒன்பது வயதுக்குள் என் மகளுக்கு இப்படியொரு சகவாசத்தை ஏற்படுத்திக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். மது அருந்தியவர்களாவது மறுநாள் தெளிந்து வந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

"நான் கெட்டியா பிடிச்சுப்பேன், அண்ணா" என்றாள். கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் பேசுவாள், ஆனால் புரியும். ரயிலில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த தம்பி என்னைப் பார்த்து, "பாப்பா என்ன சொல்றாங்க மேடம்?" என்றார். குழந்தையிடம் நேராகப் பேசி அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்கிற பண்பு. நான் திருப்பிச் சொன்னதும், "இல்ல மேடம், பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுல்ல, அதான்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார்.

அதற்காகப் பூங்காவில் சாய்தளமே இல்லை என்று யாரும் பழி போட்டுவிடக் கூடாது. உணவகத்துக்கு உண்டு. பொம்மைக் கடைக்கு உண்டு. போட்டோ பிரிண்ட் போட்டு விற்கும் இடத்துக்கும் வழுவழுவென்று, கைப்பிடியோடு, சரியான சரிவில் உண்டு. பர்ஸ் திறக்கும் இடம் எதிலும் என் மகளுக்கு ஆபத்து இல்லை என்பதை ஆராய்ந்து கண்டுபிடித்தவர் யாரோ, பெரிய ஆள். தனிக் கழிப்பறைகூடக் கட்டியிருக்கிறார்கள். பூட்டியிருந்தது, சூப்பர்வைசரைத் தேடிச் சாவி வாங்கித் திறந்தால் துடைப்பங்கள், பினாயில் கேன்கள், காற்றுப் போன ரப்பர் வாத்து. அத்தனைக்கும் நடுவில் பீங்கான் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

அமெரிக்காவில், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்று ஒருவர். வீடு கட்டி விற்று நன்றாகச் சம்பாதித்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்தத் தொழில் சூட்சுமம் பிடிபடவே இல்லை. விடுமுறைக்குப் போன இடத்தில், நீச்சல் குளத்தில் தன் மகள் மார்கனோடு விளையாடாமல் மற்றக் குழந்தைகள் விலகிப் போனதைப் பார்த்தாராம். உடனே கிளம்பி, 2010இல் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்று ஒரு பூங்காவையே திறந்துவிட்டார். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய குடை ராட்டினம், ஊஞ்சல். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017இல் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்கா வேறு. பேட்டரி நாற்காலி நனையக் கூடாதே என்று, அழுத்திய காற்றில் ஓடும் நாற்காலிகளை அங்கே வாங்கிப் போட்டார். ஒரு பலகை எழுதி மாட்டினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு இத்தனை செலவு.

நம் ஊர்ச் சட்டமும் தாராள மனசு கொண்டதுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கும் இவர்களுக்கு உரிமை என்கிறது. தனியார் கட்டினாலும் பொதுமக்கள் வந்து போகிற பொழுதுபோக்கு இடம் பொதுக் கட்டடமே என்கிறது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டு அவகாசம் கொடுத்தது. அது 2022லேயே முடிந்துவிட்டது. எதெல்லாம் கட்டாயம் என்று சொல்லாமல் விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறதே என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டு, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கச் சொன்னது. சட்டத்தை மீறினால் அபராதமும் உண்டு: முதல் தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் கட்டிய காசிலேயே அது அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பதில் குட்டி ரயிலுக்குப் பலகையைப் புதிதாக எழுதலாம். இந்த முறை பிரெய்லியிலும் எழுதிவிட்டால், பார்வையில்லாத பிள்ளைகளும் யாரையும் கேட்காமல் தாங்களே தடவிப் படித்துவிட்டுத் திரும்பிப் போக வசதியாக இருக்கும்.